இங்கிலாந்தில் பெற்றோருக்குப் பராமரிப்பு இல்லம் தேடுவோருக்கு: தரத்தையும் பாதுகாப்பையும் கணிக்கும் வழிகள்

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று அம்மாவையோ அப்பாவையோ பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க முடிவெடுக்கும் வேளை பெரும்பாலும் நிதானமான வேளையாக இருப்பதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ, நெஞ்சில் சளி கட்டியோ வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவரை இனித் தனியே வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று வார்டில் சொல்லிவிடுவார்கள். கவுன்சிலின் சமூகப் பணியாளர் இரண்டு மூன்று இல்லங்களின் பெயர்களைத் தந்து, சில நாட்களுக்குள் பதில் சொல்லும்படி கேட்பார். சொந்தபந்தம் என்ன சொல்லுமோ என்ற தயக்கத்தில் இந்தப் பேச்சையே எடுக்காமலிருந்த பிள்ளைகள், இல்லங்களைப் பற்றி எதுவும் தெரியாத நிலையிலேயே தெரிவு செய்ய வேண்டியவர்களாகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இதில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்போவது ஒன்றுதான். தானாக எழுந்து தண்ணீர் குடிக்க முடியாத ஒருவருக்கு, வெளியார் எவரும் பார்க்காத வேளையில், யார் எத்தனை தடவை தண்ணீர் கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஓர் இல்லத்தின் தரம் இருக்கிறது. வரவேற்பறையின் அழகும் வாசலில் ஒட்டியிருக்கும் மதிப்பீட்டுத் தாளும் அதைச் சொல்லமாட்டா. ஆயினும், எங்கே பார்க்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால், மருத்துவப் படிப்பு இல்லாத ஒருவரும் அதை ஓரளவு சரியாகக் கணித்துவிடலாம்.

முதற்படி: எந்த வகை இல்லம் தேவை என்று தீர்மானித்தல்

குளித்தல், உடுத்தல், சாப்பிடுதல், மருந்து எடுத்தல் போன்றவற்றுக்கு உதவி தருகின்ற இல்லங்கள் 'ரெசிடென்ஷியல் ஹோம்' எனப்படுகின்றன. இவற்றோடு, பதிவு பெற்ற தாதி ஒருவர் இரவும் பகலும் கடமையில் இருக்கும் இல்லங்கள் 'நர்சிங் ஹோம்' எனப்படுகின்றன. குழாய் வழியாக உணவு பெறுபவர், ஆழமான படுக்கைப் புண் உள்ளவர், நிலை அடிக்கடி மாறும் நோயாளி ஆகியோருக்கு இரண்டாவது வகையே பொருந்தும். டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர் என்றால், இல்லம் அத்தகையோரைப் பராமரிக்கப் பதிவு பெற்றிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வகை தவறினால், இல்லம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சில மாதங்களில் முதியவரை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்வார்கள், அந்த இடமாற்றம் அவரை மிகவும் தளர்த்திவிடும்.

இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கண்காணிப்பு அமைப்புகள் உள்ளன.

இரண்டாம் படி: ஆய்வறிக்கையைத் தேதியிலிருந்து வாசித்தல்

இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்பு கேர் குவாலிட்டி கமிஷன். எல்லோரும் அதைச் சி.கியூ.சி. என்றே அழைப்பார்கள். 2009 முதல் இயங்கிவரும் இந்த ஆணையம், இல்லம் பாதுகாப்பானதா, பராமரிப்புப் பயன் தருகிறதா, பணியாளர்கள் பரிவோடு நடக்கிறார்களா, ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ப நடந்துகொள்கிறதா, நன்றாக நிர்வகிக்கப்படுகிறதா என்ற ஐந்து கேள்விகளை வைத்து ஆராய்கிறது. அதன்பின் 'அவுட்ஸ்டாண்டிங்' (மிகச் சிறப்பு), 'குட்' (நன்று), 'ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' (மேம்பாடு தேவை), 'இனடிக்குவேட்' (போதாது) என்ற நான்கில் ஒரு மதிப்பீட்டை வழங்குகிறது. இந்த மதிப்பீட்டை இல்லம் தன் வளாகத்திலும் இணையத்தளத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம்.

அறிக்கையைத் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது ஆய்வு நடந்த தேதி. வைத்தியர் பென்னி டாஷ் தலைமையில் நடந்து 2024 அக்டோபரில் வெளியான மீளாய்வு, சி.கியூ.சி.யின் மதிப்பீடுகளில் பல ஆண்டுக்கணக்கில் பழையவையாக இருப்பதை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் கிடைத்த 'குட்', அன்றிருந்த மேலாளருக்கும் அன்றிருந்த பணியாளர்களுக்கும் கிடைத்தது. எனவே பதிவு பெற்ற மேலாளர் இன்றும் அவர்தானா என்று பாருங்கள். குறுகிய காலத்துக்குள் மேலாளர் மாறி மாறி வந்த இல்லத்தை நான் எப்போதும் ஐயத்தோடுதான் பார்ப்பேன். மேலாளர் நிலைக்காத இடத்தில் நல்ல பணியாளர்களும் நிலைப்பதில்லை என்பது இத்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வது.

அடுத்து, மொத்த மதிப்பீட்டோடு நின்றுவிடாமல் ஐந்து பிரிவுகளையும் தனித்தனியே பாருங்கள். ஒரு பிரிவில் 'ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' வாங்கிய இல்லமும் மொத்தத்தில் 'குட்' பெற முடியும். அந்த ஒரு பிரிவு பாதுகாப்பாகவோ நிர்வாகமாகவோ இருந்தால், அறிக்கையின் அப்பகுதியை வரி வரியாக வாசிக்க வேண்டும். சட்டவிதி மீறல் என்று குறிப்பிடப்பட்டிருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 12ஆம் விதி பாதுகாப்பான பராமரிப்பு பற்றியது, 13ஆம் விதி துன்புறுத்தலிலிருந்து காப்பது, 14ஆம் விதி உணவும் நீரும், 17ஆம் விதி நிர்வாகம், 18ஆம் விதி போதிய பணியாளர். ஒரே விதி அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளில் மீறப்பட்டிருந்தால், இல்லத்துக்குத் தன் குறை தெரிந்தும் திருத்தவில்லை என்று பொருள். மாறாக, மோசமான மதிப்பீடு பெற்றுப் பின் புதிய மேலாளரின் கீழ் ஒவ்வொன்றாகச் சரிசெய்துவரும் இல்லத்தை ஒதுக்கிவிடத் தேவையில்லை. எதை மாற்றினார்கள் என்று அவர்களையே கேளுங்கள். எதையும் மறைக்காமல் விவரமாகச் சொன்னால், அந்தப் பதிலுக்கு மதிப்பீட்டுத் தாளைவிட நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

சமையலறைக்கு, உணவுத் தர முகமையின் திட்டப்படி, உள்ளூர்க் கவுன்சில் தனியே 0 முதல் 5 வரை சுகாதாரப் புள்ளி வழங்குகிறது. அதையும் இணையத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: இரண்டு தடவை போய்ப் பார்த்தல்

முதற்தடவை நேரம் குறித்துக்கொண்டு போங்கள். மேலாளர் சுற்றிக் காட்டுவார். இரண்டாம் தடவை முன்னறிவிப்பின்றி, சனி ஞாயிறு மாலையிலோ இரவுச் சாப்பாட்டு வேளையிலோ போங்கள். அந்த நேரத்தில் அலுவலகப் பணியாளர்கள் இருக்கமாட்டார்கள், பராமரிப்பாளர்களின் எண்ணிக்கையும் குறைந்திருக்கும். உள்ளே விட மறுத்தால் காரணம் கேளுங்கள். தொற்றுநோய் பரவல் போன்ற நியாயமான காரணம் இருக்கலாம், ஆனால் 'மேலாளர் இல்லாத நேரத்தில் யாரையும் விடுவதில்லை' என்ற பதில் போதுமானதல்ல.

சாப்பாட்டறையில் ஓரமாக அரை மணி நேரம் இருக்க அனுமதி கேளுங்கள். ஒருவருக்கு ஊட்டிவிடும் பணியாளர் அருகில் உட்கார்ந்திருக்கிறாரா, நின்றபடி ஊட்டுகிறாரா என்று கவனியுங்கள். ஒரு கரண்டியை விழுங்கி முடிக்கும் முன் அடுத்ததை வாயருகே கொண்டுபோகிறாரா, அவருடைய கண் முதியவரின் முகத்தில் இருக்கிறதா அல்லது எதிரே ஓடும் தொலைக்காட்சியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொடப்படாத தட்டுகள் எடுக்கப்படும்போது, 'வேறு ஏதாவது வேண்டுமா?' என்ற ஒரு சொல்லாவது கேட்கிறதா? நான் ஒரு குடும்பத்தோடு போயிருந்த இல்லமொன்றில், மூதாட்டி ஒருவரின் முன்னால் மூடி கழற்றப்படாத தயிர்க் கிண்ணம் வைக்கப்பட்டது. விரல் மடங்கிப்போன அவர் அந்த மூடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பத்து நிமிடம் கழித்து வந்த பணியாளர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், பதிவேட்டில் 'இனிப்பு மறுத்தார்' என்று எழுதினார். அந்தப் பணியாளர் கடுமையானவர் அல்லர். பன்னிரண்டு பேருக்கு அவர் ஒருவரே நின்றார். நல்ல மனம் உள்ளவரும் ஆள் போதாத இடத்தில் தவறியே போவார் என்பதால், பணியாளரின் சிரிப்பை மட்டும் பார்த்து நீங்கள் முடிவுக்கு வரக்கூடாது.

அறைகளைக் கடந்து நடக்கும்போது அழைப்பு மணியின் கயிறோ பொத்தானோ படுக்கையில் இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளதா என்று பாருங்கள். மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். பல இல்லங்களில் மணிக்குப் பதில் சொன்ன நேரம் தானாகவே பதிவாகும். அந்தப் பதிவைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

கட்டடத்தில் கவனிக்க வேண்டியவை சிலவே, ஆனால் உயிரோடு தொடர்புடையவை. தீத்தடுப்புக் கதவுகள் ஆப்பு வைத்துத் திறந்து விடப்பட்டிருக்கக் கூடாது. மேல்மாடி சன்னல்கள் நூறு மில்லிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுக்கப்பட்டிருக்க வேண்டும். குளியலறைக் குழாயிலும் ஷவரிலும் வரும் வெந்நீர் 44 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது, ஒவ்வொரு குளியலுக்கும் முன் அளந்து எழுதிய பதிவும் இருக்க வேண்டும். ஆளைத் தூக்கும் ஹொயிஸ்ட் கருவி ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்கப்பட வேண்டும். தேதி அக்கருவியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அதன் தூக்குப்பட்டை ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் தனித்தனியே இருக்கிறதா என்றும் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே பட்டையைப் பயன்படுத்தும் இடத்தில் வழுக்கி விழும் ஆபத்தும் தொற்றும் சேர்ந்தே இருக்கும்.

நான்காம் படி: மேலாளரிடம் கேட்க வேண்டியவை

'உங்கள் பராமரிப்பு எப்படி?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். இரவு பதினொரு மணிக்கு இந்த மாடியில் எத்தனை பேர் கடமையில் இருப்பார்கள், அவர்கள் எத்தனை முதியவர்களைப் பார்க்க வேண்டும், அவர்களில் இருவர் சேர்ந்து புரட்ட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் இத்தனை முதியவருக்கு இத்தனை பணியாளர் என்று சட்டம் எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை, 'போதிய எண்ணிக்கை' என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே இல்லம் அந்த எண்ணிக்கையை எதை வைத்துக் கணக்கிடுகிறது என்பது முக்கியமான கேள்வி. இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய நாலைந்து பேர் உள்ள மாடியில் இரவில் இருவரே நின்றால், அவர்கள் ஓர் அறையில் இருக்கும்போது மற்ற எல்லா அறைகளும் ஆளின்றி இருக்கும்.

கடந்த கிழமை எத்தனை ஷிப்ட்டுகள் ஏஜென்சிப் பணியாளர்களால் நிரப்பப்பட்டன என்று கேளுங்கள். ஏஜென்சியிலிருந்து வருபவர் திறமையானவராக இருக்கலாம், ஆனால் உங்கள் அப்பாவுக்கு இடது காது கேட்காது என்பது அவருக்குத் தெரியாது.

பிறகு, கடந்த சில மாதங்களில் நடந்த விழுகைகளிலிருந்து இல்லம் எதைக் கற்றுக்கொண்டு எதை மாற்றியது என்று கேளுங்கள். 'இங்கே யாரும் விழுவதில்லை' என்ற பதிலை நம்பாதீர்கள். முதியவர்கள் வாழும் எந்த இடத்திலும் விழுகைகள் நடக்கும். 'விழுகைகள் பெரும்பாலும் அதிகாலையில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் நடப்பதைக் கண்டோம், அதனால் ஐந்து மணிக்கு ஒரு சுற்றைச் சேர்த்தோம்' என்று ஒரு மேலாளர் சொன்னால், அவர் பதிவேடுகளை எழுதி மூடி வைப்பவர் அல்லர், வாசிப்பவர் என்பது தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: நீர், எடை, தோல், மருந்து

பராமரிப்பு இல்லங்களில் முதியவர்களுக்கு நேரும் கேடுகளில் பெரும்பகுதி மெதுவாகவும் சத்தமில்லாமலும் நேர்பவை. அவற்றை எண்களில் பிடிக்கலாம். இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நீர்: இதயமோ சிறுநீரகமோ பழுதடைந்து வைத்தியர் அளவு கட்டுப்படுத்தாத பட்சத்தில், ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை வரை ஏதேனும் பானம் உள்ளே போக வேண்டும். முதியவருக்குத் தாக உணர்வு குறைந்துவிடும், மலசலகூடத்துக்கு அழைத்துப்போக ஆளில்லை என்ற பயத்திலேயே குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. பகல் நான்கு மணிக்குக் கட்டிலருகே உள்ள கோப்பை காலையில் வைத்தபடியே நிறைந்திருக்கிறதா, அது கைக்கு எட்டுகிறதா, பதிவேட்டில் '200 மில்லி கொடுக்கப்பட்டது' என்று இருக்கிறதா, 'குடித்தார்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். குழப்பமான பேச்சு, திடீர்த் தூக்கக் கலக்கம், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்குப் பின்னால் பல வேளைகளில் இந்த நிறைந்த கோப்பைதான் இருக்கிறது.

எடை: ஒவ்வொருவரையும் மாதம் ஒரு முறையாவது நிறுத்து எழுத வேண்டும். ஊட்டக்குறைவு ஆபத்தை மதிப்பிடும் 'மஸ்ட்' என்ற அளவுகோலின்படி, திட்டமிடாமல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உடலெடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறைந்தால் ஒரு புள்ளி, பத்துக்கு மேல் குறைந்தால் இரண்டு புள்ளி. மொத்தம் இரண்டு புள்ளி வந்தாலே அதிக ஆபத்து. ஐம்பது கிலோ இருந்த அம்மா நாற்பத்தேழானால் நூற்றுக்கு ஆறு குறைந்துவிட்டது என்று பொருள். சிறிய உடலுள்ளவர்களுக்கு மூன்று கிலோ சிறிய விஷயமல்ல. எடை குறைந்ததை இல்லம் அறிந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அறிந்தபின் உணவுநிபுணரிடம் அனுப்பியதா, பாலும் நெய்யும் சேர்த்ததா, பல்செட் தளர்ந்துவிட்டதா என்று பார்த்ததா என்பது அடுத்த கேள்வி.

தோல்: படுக்கைப் புண் பெரும்பாலும் தடுக்கக்கூடியது. அதன் முதல் அடையாளமாகப் பயிற்சிகளில் சொல்லப்படுவது, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. நம்மவரின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்புத் தெரியாமலே போய்விடலாம். அங்கே பார்க்க வேண்டியவை, சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ குளிராகவோ இருத்தல், கல்லுப்போல இறுகியோ சதசதவென்றோ இருத்தல், ஊதா அல்லது கருநீலச் சாயல், தொட்டால் வலி ஆகியவை. இதைப் பற்றி இல்லத்துத் தாதியிடம் நேரடியாகவே கேளுங்கள்: 'என் அம்மாவின் தோலில் ஆரம்பப் புண்ணை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?' தயங்காமல் பதில் சொல்பவர் உள்ள இல்லம் தேடத் தகுந்தது. குதிகால், இடுப்பு, முதுகடி, காது மடல் ஆகிய இடங்களை நீங்களும் பாருங்கள். எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்பது பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லா இரவும் சரியாக இரண்டு, நான்கு, ஆறு மணி என்று ஒரே கையெழுத்தில் ஒரே பேனாவால் நிரப்பப்பட்ட தாள், வேலை நடந்ததைவிட எழுத்து நடந்ததையே காட்டுகிறது.

மருந்து: கொடுத்த ஒவ்வொரு மாத்திரையும் மருந்துப் பதிவேட்டில் உடனுக்குடன் கையொப்பமிடப்பட வேண்டும். வெற்றுக் கட்டங்கள் இருந்தால் விளக்கம் கேளுங்கள். பார்க்கின்சன் நோயுள்ளவருக்கு லெவோடோபா மருந்து அரை மணி நேரம் தாமதித்தாலும் உடல் விறைத்துப் போகக்கூடும். இன்சுலின் எடுப்பவருக்கு ஊசிக்குப்பின் சாப்பாடு தாமதமாகக் கூடாது. மருந்தை உணவில் மறைத்துக் கொடுப்பது, 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்படி அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கணித்து, வைத்தியரும் மருந்தாளரும் குடும்பமும் கலந்து பேசி எழுதிவைத்த முடிவின் பேரில் மட்டுமே நடக்கலாம். டிமென்ஷியா உள்ளவருக்கு மனநோய் மருந்து தொடங்கப்பட்டால், குறைந்தது ஆறு கிழமைக்கு ஒரு தடவை அது இன்னும் தேவைதானா என்று மீளாய்வு செய்யப்பட வேண்டும். முன்பு பேசிச் சிரித்தவர் எந்நேரமும் தூங்கி வழிவதைக் கண்டால், 'வயதுதானே' என்று விட்டுவிடாமல் மருந்துப் பட்டியலைக் கேளுங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவ ஆலோசனை பெற வேண்டும். இல்லத்தின் எழுத்து நடைமுறை அப்படிச் சொல்கிறதா என்று முன்னமே கேட்டுவைப்பது நல்லது.

ஆறாம் படி: மொழியும் சாப்பாடும்

டிமென்ஷியா முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் கழன்றுவிடுவதும், தமிழ் மட்டுமே மிஞ்சுவதும் பரவலாகக் காணப்படுவது. அதன்பின் வலி, பசி, சிறுநீர் அவசரம் எல்லாம் தமிழில்தான் வெளிவரும். கேட்பவருக்கு அது வெறும் கூச்சலாகத் தோன்றி, 'அமைதியின்மை' என்று பதிவேட்டில் ஏறி, கடைசியில் தூக்க மருந்தாகத் திரும்பி வரலாம். இதனால் மொழியை நான் கலாசார வசதியாகக் கருதவில்லை, பாதுகாப்பு விடயமாகவே கருதுகிறேன். லண்டனின் பல பகுதிகளில் தமிழ் பேசும் பராமரிப்பாளர்கள் வேலை செய்கிறார்கள். எந்த ஷிப்ட்டில், எத்தனை பேர், இரவிலும் உண்டா என்று கேளுங்கள். எவரும் இல்லையெனில், 'நோகுது', 'தண்ணி', 'ஒண்டுக்கு', 'குளிருது', 'பயமா இருக்கு' போன்ற பத்துப் பதினைந்து சொற்களை, அவர் உண்மையில் வீட்டில் சொல்லும் வடிவத்திலேயே ஆங்கில எழுத்தில் எழுதி, பொருளோடு சேர்த்து, கட்டிலருகே ஒட்டிவையுங்கள். சொல்ல முடியாதவரின் வலியை முகபாவம், முனகல், உடலசைவு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடும் 'அபே' அளவுகோலை இல்லம் பயன்படுத்துகிறதா என்றும் கேளுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு விடயங்கள். முதலாவது, சைவ உணவுக்காரருக்கு இல்லம் தினமும் என்ன கொடுக்கும் என்பதை ஒரு கிழமைப் பட்டியலாகக் கேட்டு வாங்குங்கள், சீஸ் சாண்ட்விச்சும் பொரித்த உருளைக்கிழங்கும் ஏழு நாளும் மாறி மாறி வந்தால் எடை குறையும். இரண்டாவது, விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு 0 முதல் 7 வரை எண்ணிட்ட உணவு, பானப் பதத்தைப் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் தீர்மானிப்பார். 4ஆம் எண் என்றால் மசித்த கூழ்ப் பதம். உதிரியான சோறு இத்தகையோருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடியது, பிசுபிசுப்பாக ஒட்டும் சோறும் அப்படியே. வீட்டிலிருந்து அன்போடு கொண்டுபோகும் பருப்புச் சோறும் இடியப்பமும் இதில் அடங்கும். எந்தப் பதத்தில் கொண்டுவரலாம் என்று சிகிச்சையாளரிடமே கேட்டறிந்து கொண்டுபோனால், ஊர்ச் சாப்பாட்டை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை.

உடம்பு கழுவிவிடுவதற்கு ஆண் பணியாளரா பெண் பணியாளரா, சுவாமி படத்துக்கு முன் எரியும் விளக்குக்குப் பதில் மின்விளக்கு வைக்கலாமா, தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமா என்பவையெல்லாம் பராமரிப்புத் திட்டத்தில் எழுத்தாக வர வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த ஷிப்ட்டுக்குப் போய்ச் சேராது.

ஏழாம் படி: சேர்த்த பின்னும் கணித்துக்கொண்டே இருத்தல்

இயலுமானால் முதலில் இரண்டு கிழமைத் தற்காலிகத் தங்கலாகச் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கும் நாளில் மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் ஆகியவற்றில் பெயர் பொறித்து, படம் எடுத்து, பட்டியலில் இல்லத்தின் கையொப்பம் வாங்குங்கள். இவை தொலைந்தால் அவர் பார்வையும் செவிப்புலனும் சாப்பாடும் இல்லாதவராகிவிடுவார். அன்றே தோலின் நிலையை உடல் வரைபடத்தில் குறித்து, எடையையும் எழுதச் செய்யுங்கள். பின்னால் வரும் எந்தக் கேள்விக்கும் அதுவே தொடக்கப் புள்ளி.

குடும்பத்தில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றாகப் போவதைவிட, ஆளுக்கொரு நாளாக, வெவ்வேறு நேரத்தில் போவது நல்லது. ஒரு சிறிய குறிப்பேட்டில் தேதி, நேரம், கடமையில் இருந்தவர், கண்டது, கேட்டது, கிடைத்த பதில் ஆகியவற்றை எழுதி வாருங்கள். 2024 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள, மேலே சொன்ன சட்டவிதிகளைச் சேர்ந்த 9ஏ விதியின்படி, மிக அரிதான சூழ்நிலைகள் தவிர, இல்லத்தில் இருப்பவர் தம்மைப் பார்க்க வருபவர்களைச் சந்திக்க இல்லம் வழிசெய்ய வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளைகளைத் தடுக்க வருகை நேரத்தைக் கருவியாக்க முடியாது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பெற்ற பிள்ளை என்பதனால் மட்டும் முதியவரின் மருத்துவ முடிவுகளை எடுக்கும் சட்ட உரிமை உங்களுக்கு வந்துவிடாது. திறன் இழந்தபின் தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும், உடல்நலத்துக்கான 'லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி' பத்திரத்தை அவர் திறனோடு இருக்கும்போதே எழுதி வைத்தால், பதிவேடுகளைப் பார்ப்பதும் முடிவுகளில் பங்கேற்பதும் எளிதாகும். பத்திரம் இல்லாவிட்டாலும், அவருடைய நலன் கருதி எடுக்கப்படும் முடிவுகளில் குடும்பத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று மனத்திறன் சட்டம் சொல்கிறது.

எட்டாம் படி: தவறு நடந்தால்

பாரதூரமான காயம் நேர்ந்தால், 20ஆம் விதியின்படி இல்லம் நடந்ததை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, வருத்தம் தெரிவித்து, அதை எழுத்திலும் தர வேண்டும். தாமாக முன்வந்து சொல்லும் இல்லத்தையும், நீங்கள் காயத்தைக் கண்டு கேட்ட பிறகு சொல்லும் இல்லத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சிறிய குறைகளை முதலில் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பல குடும்பங்கள், முறையிட்டால் அம்மாவை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் இயல்பானது, ஆயினும் எழுத்தில் இருக்கும் முறைப்பாடுதான் உங்களையும் அவரையும் பாதுகாக்கும். பதில் திருப்தி தராவிட்டால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கவுன்சில் பணம் கட்டினாலும் நீங்களே கட்டினாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. விடயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். சி.கியூ.சி. தனிப்பட்ட முறைப்பாடுகளைத் தீர்த்துவைப்பதில்லை. ஆனாலும் அவர்களுக்கும் தெரிவியுங்கள், ஒரே இல்லத்தைப் பற்றிப் பலர் சொன்னதுதான் அடுத்த ஆய்வை முன்னே கொண்டுவரும்.

அடி, மிரட்டல், பணத் திருட்டு, பாலியல் தொந்தரவு, கவனிக்காமல் விட்டதால் வந்த ஆழமான புண் போன்றவற்றில் இந்த வரிசைப்படி காத்திருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999, இல்லையென்றால் கவுன்சிலின் வயதுவந்தோர் பாதுகாப்புப் பிரிவு ('அடல்ட் சேஃப்கார்டிங்'). 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் துன்புறுத்தலுக்கோ கவனிப்பின்மைக்கோ ஆளாகி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாதவராக இருக்கிறார் என்று ஐயப்பட நியாயமான காரணம் இருந்தால், கவுன்சில் விசாரணை செய்தேயாக வேண்டும். காயத்தைத் தேதியோடு படம் எடுங்கள். உங்கள் குறிப்பேட்டின் பிரதியைக் கொடுங்கள். முதியவர் தமிழில் மட்டும் பேசுபவரென்றால், குடும்பத்தவரையோ இல்லத்துப் பணியாளரையோ மொழிபெயர்க்க வைக்காமல், தனியான மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர் சொல்ல வந்ததை அவர் வாயாலேயே கேட்பதற்கு வேறு வழியில்லை.

இல்லத்தை மாற்றும் முடிவுக்கு வந்துவிட்டால், கோபத்தில் ஒரே நாளில் செய்யாமல், புதிய இல்லத்தின் மேலாளர் நேரில் வந்து முதியவரைப் பார்த்து மதிப்பிட்ட பிறகே நாளைக் குறியுங்கள். பராமரிப்புத் திட்டம், மருந்துப் பதிவேடு, கடைசி மூன்று மாத எடை, தோலின் உடல் வரைபடம், உணவுப் பத எண் ஆகியவற்றின் பிரதிகள் அவரோடு கூடவே போக வேண்டும். அதே நாளில் புதிய இடத்தில் மறுபடியும் எடையை அளந்து, தோலைப் பார்த்து எழுதச் செய்யுங்கள்.